அந்தப் பை புலி வேட்டைக்கானது இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையோடு வந்த இணைப்பில், ராயக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய மிட்டா (சின்ன ஜமீன் மாதிரி) வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய சாமான்களைப் படம் போட்டிருந்தீர்கள். வெண்கலப் பானை, அரிக்கேன் விளக்கு, பித்தளைச் சொம்பு, சொம்புக்குப் பக்கத்தில் ஒரு தோல் பை. பைக்குக் கீழே 'புலி வேட்டைக்காரர் பயன்படுத்திய பை' என்று போட்டிருந்தது. கட்டுரைக்குள் புலி வேட்டைக் கதைகள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் பெயரும் வந்தது. அவர் ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் சுற்றியவர்தான், அதற்கு நான் மறுப்பு சொல்லவில்லை. அந்தப் பைக்கும் புலிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கவுதாரி, காடை, உள்ளான் சுடப் போகிறவர் தோளில் மாட்டிக்கொள்ளும் தோட்டாப் பை அது.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். நான் துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. வெடிச் சத்தமே தீபாவளிக்குத்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் வாணியம்பாடிப் பக்கம் தோல் சாமான் செய்யும் ஒரு யூனிட்டில் 27 வருடம் வேலை பார்த்தேன். காலையில் பர்கூரில் பஸ் ஏறினால் ராத்திரி வீடு வந்து சேர ஏழரை ஆகும். பெல்ட், பர்ஸ், நாய் வார், குதிரைச் சேணத்துச் சாமான் எல்லாம் தைத்தோம். வருடத்தில் நாலு மாதம் இங்கிலாந்துக்குப் போகும் தோட்டாப் பை மட்டும்தான். என் கை வழியாக எத்தனை போயிருக்கும் என்று எண்ணி வைக்கவில்லை. படத்தைப் பார்த்ததும் என் விரல் நுனியில் பழைய ஊசிக் காயம் அரித்தது.

முதலில் கணக்கைச் சொல்கிறேன். சொம்பு நம் வீட்டுச் சொம்பு உயரம்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு பையை அளந்தால் அகலம் 10 அங்குலம், உயரம் 7, பக்கம் 4 வரும். அது நூறு தோட்டாப் பை. புலி சுடப் போகிறவருக்கு நூறு தோட்டா எதற்கு? ஆண்டர்சன் கையில் இருந்தது 405 வின்செஸ்டர் ரைபிள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார், அவர் அந்தக் கதைகளில் பைத்தியம். ரைபிள்காரர் ஐந்தாறு தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மரத்தின் மேல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். நூறு தோட்டாவைச் சுமக்கிறவர் பகலில் வயல் வரப்பில் நடக்கிறவர். மார்கழி, தை மாதத்தில் பாரூர் ஏரிக்குக் கீழே சேற்று வயலில் உள்ளான் இறங்கும். கால் வைத்தால் சட்டென்று கிளம்பி வளைந்து வளைந்து பறக்கும். பத்து சுட்டால் இரண்டு விழுந்தால் பெரிய விஷயம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்குத்தான் நூறு.

இன்னொன்று. இந்தப் பக்கத்து மலைக்காரர்கள் கையில் இருந்த நாட்டுத் துப்பாக்கிக்கும் இந்தப் பை ஆகாது. அதில் குழல் வாய் வழியாக மருந்தைப் போட்டு, துணியை அடைத்து, குண்டையோ ரவையையோ போட்டுக் குச்சியால் இடிப்பார்கள். தோட்டா என்பதே கிடையாது. ஆகவே இந்தப் பை இருந்த வீட்டில் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்திருக்க வேண்டும். மிட்டா வீடு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது சரியாகத்தான் பொருந்துகிறது.

12 போர் என்றால் குழல் 12 மில்லிமீட்டர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பதுதான் கணக்காம். குழல் பதினெட்டரை மில்லிமீட்டர் வரும். தோட்டா அதைவிடக் கொஞ்சம் பருமன், நீளம் 65 அல்லது 70 மில்லிமீட்டர். யூனிட்டில் அந்த அளவுக்கு மரக் கட்டைகளைக் கடைந்து ஒரு சாக்கு நிறைய வைத்திருந்தோம். பை தைத்து முடித்ததும் கட்டையை எண்ணிப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகள் விளையாடக் கொண்டுபோய்ப் போய், வருடத்துக்கு ஒரு தடவை புதிதாகக் கடைய வேண்டியிருந்தது.

உங்கள் கட்டுரையில் 'இதுபோன்ற பைகளைச் சேகரிப்போர் இன்று தேடி வாங்குகிறார்கள்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. என் தங்கை மகளும் இப்படித்தான் ஒன்றை வாங்கி ஏமாந்தாள். ஓசூரில் வேலை பார்க்கிறாள். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள், இப்போது முறைப்படி கிளப்பில் சேர்ந்து டிராப் சுடுகிறாள். டிராப் என்றால் மெஷினிலிருந்து பறந்து போகும் மண் தட்டை வானத்திலேயே உடைப்பது. பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024-ல் சுட்டாரே, அதே விளையாட்டு. ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ஒரு தட்டுக்கு இரண்டு வேட்டு வரை போடலாம் என்பதால் ஐம்பது தோட்டா கையில் இருக்க வேண்டும்.

அவள் ஃபோனில் பார்த்து வாங்கிய பை பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. சாக்லேட் நிறம், மேலே மான் தலை முத்திரை, வாயில் ஜிப். கையில் வாங்கியதும், "இது யார் கண்ணு ஜிப் வெச்சது? சுடுறப்ப ஜிப்பைத் திறந்துக்கிட்டு நிப்பியா?" என்று கேட்டேன். "பெரியம்மா, நல்லாத்தானே இருக்கு" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கையை விடச் சொன்னேன். ஜிப்பின் பல் மணிக்கட்டில் கீறியது. பையை எடுத்து மூலையில் வைத்தாள்.

தோட்டாப் பையில் முதலில் பார்க்க வேண்டியது வாய். தோலையும் பளபளப்பையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் இங்கிலாந்துக் கம்பெனி சார்பாக வந்த ஒரு வயதான வெள்ளைக்காரர். வருடத்துக்கு ஒரு தடவை வருவார். யாரோடும் அதிகம் பேசமாட்டார். பையை இடுப்பில் மாட்டுவார், கூரையைப் பார்ப்பார், கையைக் கீழே விடுவார். கை போகும்போது எதிலும் தட்டக் கூடாது, வரும்போது இரண்டு கட்டையோடு வர வேண்டும். மூன்று தடவை செய்வார். ஒரு தடவை தட்டினாலும் பை ஓரத்துக்குப் போய்விடும். அவர் கண் பறவை மேல் இருக்கிற கணக்கு. பறவையைப் பார்க்கிறவன் பையைப் பார்க்கமாட்டான்.

அதற்காகத்தான் வாய் ஓரத்தில் தோலுக்குள் ஒரு உலோகப் பட்டை வைத்துத் தைக்கிறது. உங்கள் படத்தில் மூடிக்குக் கீழே ஒரு மெல்லிய மேடு தெரிகிறது பாருங்கள், அதுதான். பட்டை இருந்தால் பை காலியானாலும் வாய் சுருங்காது. இதில் ஒரு வகை, வாயைத் திறந்ததும் பித்தளைக் கம்பி 'டக்'கென்று நின்று பெட்டி மாதிரி ஆகிவிடும். அதற்கு அங்கே பெயின்-கால்வே பை என்று பெயர். சர் ரால்ஃப் பெயின்-கால்வே என்று துப்பாக்கி விஷயத்தில் பேர்போன ஒரு ஆள் இருந்தாராம். எங்கள் மேஸ்திரி வாயில் அது 'பெங்காலிப் பை' ஆகி, கடைசிவரை யூனிட்டில் அதுவே நிலைத்தது. பெங்காலி நாற்பது, சாதா அறுபது என்றுதான் போர்டில் எழுதுவோம்.

மூடியிலும் விஷயம் இருக்கிறது. பின்னால் மடித்தால் மடித்த இடத்தில் நிற்க வேண்டும். மடிக்கிற இடத்தில் தோலைச் சீவி மெலிதாக்காவிட்டால் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வந்து கை மேல் விழும். முன்பக்கம் பக்கிள் தெரியும், ஆனால் அது அழகுக்கு. நல்ல பையில் பக்கிளுக்கு அடியில் ஒரு பித்தளைக் குமிழ் ஒளிந்திருக்கும், ஒரு விரலால் இழுத்தால் திறக்கும். மழையில் விறைத்த கையால் பக்கிள் முள்ளைக் கழற்ற முடியுமா? அங்கே அவர்கள் சுடுவதே மழையிலும் குளிரிலும்தான். கிரவுஸ் என்ற பறவைக்கு ஆகஸ்ட் 12-ல் தொடங்கும். ஃபெசண்ட் என்ற பறவைக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. அதற்குள் கடைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எங்களுக்கு ஏப்ரல், மே, ஜூனில் உயிரை எடுப்பார்கள். வெளியே கிருஷ்ணகிரி முழுக்க மாங்காய் லாரி ஓடும், உள்ளே நாங்கள் 'குளிர்காலப் பை' தைத்துக்கொண்டிருப்போம். மாம்பழ வாசனையும் தோல் வாசனையும் எனக்கு இன்றும் ஒரே மாதம்தான்.

வாரைப் பற்றி ஒன்று. தோல் வார் பார்க்க நன்றாக இருக்கும், நூறு தோட்டா போட்டால் தோளை அறுக்கும். நூறு 12 போர் தோட்டா நாலரைக் கிலோவுக்குப் பக்கம் வரும், பை எடை தனி. இரண்டு அங்குல கேன்வாஸ் பட்டைதான் சரி, சட்டையில் பிடித்து நிற்கும், வழுக்காது. வலக்கைக்காரர் இடத் தோளில் மாட்டி வல இடுப்பில் தொங்கவிட வேண்டும். வலத் தோளில் துப்பாக்கிக் கட்டை உட்காரும் இடத்தில் வார் கிடந்தால் கட்டை சரியாக அமராது. உங்கள் படத்துப் பையில் இருப்பது அகலக் கேன்வாஸ் பட்டைதான். அந்த வீட்டுக்காரர் காசு பார்க்காமல், விஷயம் தெரிந்து வாங்கியிருக்கிறார்.

தோல் எந்த இடத்துத் தோல் என்று பார்க்கத் தெரியாவிட்டால் ஒரு வழி சொல்கிறேன். பக்கத் தட்டை இரண்டு விரலால் அழுத்துங்கள். உடனே திரும்பி வந்தால் முதுகுத் தோல். சுருக்கம் விழுந்து அப்படியே நின்றால் வயிற்றுத் தோல். எங்கள் யூனிட்டில் ஒரு வருடம் காசை மிச்சம் பிடிக்கப் பக்கத் தட்டை மட்டும் வயிற்றில் வெட்டச் சொன்னார்கள். வெட்டும்போதே மேஸ்திரி வேண்டாம் என்றார். கப்பலில் போகும்போது ஈரம் ஏறி, பெட்டியைத் திறந்தபோது அறுபது பையும் வாய் கோணிக்கொண்டு நின்றதாம். சரக்கு திரும்பி வந்தது. அந்த மாதம் எங்கள் ஓவர்டைம் காசு போனது. வயிற்றுத் தோல் வெட்டச் சொன்னவருக்கு ஒன்றும் போகவில்லை. பேர் சொல்லி என்ன ஆகப் போகிறது, யூனிட்டே இன்று இல்லை.

இப்போது இந்த மாதிரிப் பையைப் பரணில் வைத்திருப்பவர்களுக்கும், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் ஒரு விஷயம். தோட்டாவைத் தோல் பையிலேயே போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். நம் பக்கத்துப் பழைய தோல் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டது. அந்தத் துவர்ப்பு பித்தளையோடு சேர்ந்தால் பச்சையாகக் களிம்பு ஏறும். தோட்டாவின் அடிப்பக்கம் பித்தளைதானே. களிம்பு ஏறின தோட்டா குழலில் சிக்கும். பை சுமப்பதற்கு, பெட்டி வைப்பதற்கு. தேர்தல் நேரத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வருகிறவர்கள் பையை ஆணியில் மாட்டிவிட்டு மறந்துபோகிறார்கள். அடியில் இரண்டு தோட்டா உறங்கிக்கொண்டிருக்கும். பழைய வீட்டுப் பரணில் இருக்கும் பையைத் திறக்கும்போது உள்ளே தோட்டா இருந்தால் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, அடுப்பில் போடுவது, பேரனுக்கு விளையாடக் கொடுப்பது எதுவும் வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே ஆயுதச் சட்டப்படி குற்றம். காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

ஒரு பையில் இரண்டு அளவுத் தோட்டாவும் கூடவே கூடாது. வெள்ளைக்காரர் இதைச் சொல்லும்போது மட்டும் குரல் உயரும். 20 போர் தோட்டா 12 போரைவிடச் சின்னது. தவறிப்போய் 12 போர் துப்பாக்கிக்குள் போட்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க் குழலில் நின்றுவிடும். வெடிக்கவில்லையே என்று பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கிழிந்து கை போகும். அதனால்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறார்களாம். கண்ணை மூடிக் கையை விடுகிற பையில் மஞ்சள் என்ன, சிவப்பு என்ன?

தங்கை மகளுக்கு நானே ஒன்று தைத்துக் கொடுத்தேன். தோளில் மாட்டும் பெரிய பை அவளுக்கு வேண்டாம், அது நாள் முழுக்க நடக்கிறவர்களுக்கு. அவள் ஒரே இடத்தில் நின்று ஒரு சுற்று முடிக்கிறவள். ஆகவே பெல்ட்டில் கோக்கிற மாதிரி, நடுவில் தடுப்பு வைத்து இரண்டு அறை. முன் அறையில் தோட்டா, பின் அறையில் சுட்ட கூடு. முதலில் தடுப்பு இல்லாமல் தைத்துக் கொடுத்திருந்தேன். முதல் நாளே தோட்டா என்று நினைத்துக் காலிக் கூட்டை எடுத்துத் துப்பாக்கியில் போட்டிருக்கிறாள். தட்டு பறந்துபோனது, இவள் நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். என் தப்புதான், அவள் நிற்கிற இடத்தை ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். வெள்ளைக்காரர் பார்க்காமல் எதுவும் சொல்லமாட்டார்.

உள்பக்கம் லைனிங் போடவில்லை. தோலின் வழுவழுப்பான பக்கத்தை உள்ளே வைத்துத் தைத்தேன். சொரசொரப்பை உள்ளே வைத்தால் தோட்டா பிடித்துக்கொள்ளும், தூசியும் சேரும். வெளியே சொரசொரப்பாக இருப்பது அழகில்லை என்று அவள் முகத்தைச் சுளித்தாள். போன மாதம் ஃபோனில் பேசும்போது, "பெரியம்மா, இன்னொண்ணு தெச்சுக் குடுங்க, கூட சுடுற பொண்ணு கேக்குது" என்றாள். சுளித்த முகத்தை நான் ஞாபகப்படுத்தவில்லை.

வேட்டையைப் பெருமையாக எழுதிவிட்டேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று அந்தப் பையை மாட்டிக்கொண்டு வயலில் கவுதாரி சுட்டால் வனத்துறை நேராக அழைத்துப் போய்விடும், போகவும் வேண்டும். எங்கள் கொல்லையிலேயே விடியற்காலை கவுதாரி கத்துகிறது. அதைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் ஒரு சாமானுக்கு அதன் வேலையைச் சொல்லும்போது சரியாகச் சொல்ல வேண்டும். புலி என்று போட்டால் படிக்கிறவர்களுக்கு ருசியாக இருக்கும்தான். அதற்காக உள்ளான் பையைப் புலிப் பையாக்கினால், தைத்தவன் கை என்ன நினைத்துத் தைத்ததோ அது போய்விடுகிறது. அடுத்த இணைப்பில் ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். என் பேர் வேண்டாம், பர்கூர் வாசகி என்று போடுங்கள்.

படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பையின் இடது பக்க மூலையில் ஒன்றரை அங்குலத்துக்குத் தையல் விட்டிருக்கிறது. மிச்சம் அவிழாமல் நிற்பதால் அது இரட்டை ஊசி போட்ட கைத் தையல் என்று தெரிகிறது. மிஷின் தையலாக இருந்தால் இதற்குள் ஓரம் முழுக்கப் பிரிந்திருக்கும். வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அதை எந்தக் கடையிலும் மிஷினுக்குக் கொடுத்துவிட வேண்டாம். புது ஓட்டை விழுந்தால் பழைய தோல் தபால் தலை மாதிரி கிழிந்துவிடும். பழைய ஓட்டையிலேயே ஊசி போக வேண்டும். மெழுகு நூல் என்னிடம் இன்னும் ஒரு கண்டு இருக்கிறது. பையை அனுப்பினால் தைத்துக் கொடுக்கிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
தோல் தையல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகி,
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.